இடது மட்கார்டில் ஒரு விரல் இடைவெளி

அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். கையில சின்னக் கீறல்தான், பயப்படாதீங்க.

எங்க பட்டறைக்கு வேகத்துக்குப் பேர்போன பழைய கார் ஒண்ணு வந்தது. மட்கார்டை வெட்டிட்டு, சக்கரத்துக்கு மேல அகலமான ஃபைபர் வளைவு மாட்டணும். இடது பக்கம் ஒரு விரல் இடைவெளி விழுந்துடுச்சு. "பட்டி பூசி மூடிடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?"ன்னார் மேஸ்திரி. "எனக்குத் தெரியுமே"ன்னு முழுசையும் கழட்டித் திரும்ப மாட்டினேன். வேலை தள்ளிப்போச்சேன்னு மூணு நாள் யாரும் என்னோட பேசலை. நேத்து ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் எங்கேயும் உரசலை. அடுத்த காரை மேஸ்திரி என்கிட்டயே விட்டுட்டார்.

ஒரு சின்ன உதவிப்பா. உங்க எழுத்தைப் பார்த்து நாளாச்சு, உங்க கையால ஒரு பக்கம் எழுதிப் போடுங்க, மளிகைப் பட்டியலா இருந்தாலும் சரி. கூப்பிடுறாங்க, போறேன்.

உங்க மகள்