இளவரசி மை ஒற்றிய தாள்

பென்வோஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புப் பேத்தி டெஸாவுக்கு,

வேலிக்கு அப்பால் பத்திரிகைக்காரர்களின் கார்கள் இரண்டு நிற்பதைத் தவிர நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்கு அனுப்புகிறேன். தனியாக நின்று படி.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை பார்த்தாயா? "என் மகனைக் கூட்டிக்கொண்டு படகேறிவிடுவேன்" என்று இளவரசி கைப்பட எழுதியதாகப் போட்டிருக்கிறான். ஒரு சொல் மாறவில்லை. போன மாதம் என் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் தன் அண்ணனுக்கு அப்படி எழுதினாள். அரண்மனைத் தபால் பையை நம்பாமல், தன்னை வளர்த்த ஆயாவான என்னைத் தேடி வந்தாள். "அங்க நான் தும்மினாக்கூட மறுநாள் பேப்பர்ல வருது, நேனி" என்றாள். உறையை நானே ஒட்டி, பஸ் ஏறிப் போய்த் தபாலில் போட்டேன். அண்ணன் கையில் பத்திரமாகச் சேர்ந்தும்விட்டது. பிறகு எப்படி?

இன்று காலை பால்காரி பெரிலுக்குச் சீட்டு எழுதி மை ஒற்றும்போது என் கை நின்றுவிட்டது. அரண்மனையில் மை ஒற்றும் தாள் கறுப்பு. ஒற்றும்போது திருப்பிப் பதியும் எழுத்தை யாரும் கண்ணாடியில் காட்டிப் படித்துவிடக் கூடாதே! முப்பத்தொரு வருஷம் கறுப்பிலேயே பழகிய எனக்கு, என் வீட்டுத் தாள் இளஞ்சிவப்பு என்பது உறைக்கவே இல்லை. அவள் வந்துபோன பிறகு விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது, அந்தத் தாளோடு சேர்த்துத்தான் என் எழுதுபெட்டியை உனக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

பத்து நாளைக்கு முன் உன் புருஷன் கெவின் போன் செய்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. என் முழங்கால் வலியைக்கூட விசாரித்தான். அப்புறம், "ஆமா பாட்டி, உங்க இளவரசி இடதுகையா வலதுகையா?" என்றான். "இடதுகைதான். ஸ்பூனை எத்தனை தடவ மாத்திக் குடுத்திருப்பேன், கேட்டாளா அவ!" என்று பெருமையாகச் சொன்னேன். தாளில் இருப்பது அவள் கையெழுத்துதானா என்று உறுதிசெய்துகொள்ளக் கேட்டிருக்கிறான். என் வாயில் கொள்ளியை வைக்க.

மூன்று வயதில் அவள் ஜுரத்தில் கிடந்தபோது, சலவை வண்டிக்குள் ஒளிந்து வந்து படம் பிடித்தவனின் பச்சை டை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவனை மன்னிக்கவில்லை. உன் கல்யாணத்தில் என் கேக்கைச் செங்கல் என்ற உன் மாமியாரையும் மன்னிக்கவில்லை. கெவின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரிகையில் படகுதான் வந்திருக்கிறது. நாளும் படகேறும் துறையும் இன்னும் வரவில்லை. அந்த வரிகளை அவள் தாளின் கீழ் மூலையில் ஒற்றினாள். கெவின் அதற்குத் தனியாக விலை பேசிக்கொண்டிருப்பான்; கையில் கிடைத்தால் வரும் ஞாயிறு அதையும் போட்டுவிடுவார்கள். அவள் கிளம்புவது திங்கட்கிழமை. குன்றோரச் சாலையில் அவளே கார் ஓட்டுவாள், பின்னால் ஐந்து வயதுப் பிள்ளை. மோட்டார் சைக்கிள்கள் துரத்தினால் அவள் பின்பக்கக் கண்ணாடியையே பார்ப்பாள், சாலையைப் பார்க்கமாட்டாள். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்.

அவளுக்குச் சொல்ல வழியில்லை. போனை யார் ஒட்டுக்கேட்கிறார்களோ. நான் வாசல் தாண்டினால் கார்களும் நகர்கின்றன. இந்தக் கடிதம்கூட பெரிலின் காலிப் பால் புட்டிகளுக்கு அடியில்தான் போகிறது.

பெட்டியைத் திற. தாள் இருந்தால் அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிடு. பிறகு போன் செய்து, ரொட்டி நன்றாக வெந்தது என்று மட்டும் சொல். தாள் இல்லாவிட்டால் பேசவே வேண்டாம். நீ என்னிடம் பொய் சொன்னதில்லை, இப்போதும் சொல்லாதே.

கடவுள் உன்னையும், உன் பிள்ளைகளையும், அந்தக் காரின் பின்சீட்டில் இருக்கப்போகும் பிள்ளையையும் காக்கட்டும். சனிக்கிழமை முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அதை அடிக்க வை, கண்ணே.

உன் பாட்டி,
ஹில்டா