ஃப்ளைட் மோடில் அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மற்றதைக் கேட்காதே. நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். நான் குரலை உயர்த்துவேன், நீ அப்புறம் பேசுறேன்ப்பா என்று வைத்துவிடுவாய், அந்த அப்புறம் வருவதற்குள் என் கோபம் ஆறிப்போகும். இது ஆறக் கூடாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. உன் மாமா வந்திருந்தார், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அக்கா இருந்திருந்தா என்று ஆரம்பித்தார். அக்கா இருந்தபோது ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாத மனிதர். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை, வார இதழ் எல்லாம் போனிலேயே வரும் என்று நமக்கு ஒரு சந்தா கட்டிக்கொடுத்தாயே, மூன்று பேர் வாசிக்கலாம் என்று ஆளுக்கொரு பெயரில் இடம் பிரித்துக்கொடுத்தாயே, போன வாரம் அதைத் திறந்தால் உன் அம்மாவின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் உன் வீட்டுக்காரர் பெயர். உன்னைக் கேட்டதற்கு, மூணு பேருக்குத்தான்ப்பா இடம், அம்மாவோடது சும்மாதானே கெடந்துச்சு என்று எழுதினாய். ஒரு நாளும் சும்மா உட்காராதவளைப் பற்றி எழுதுகிற வார்த்தையா அது?

அது சும்மா கிடக்கவில்லை. காலையில் நான் என் பெயரைத் திறப்பதில்லை, அவள் பெயரைத்தான் திறப்பேன். அவள் போய்விட்டது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ரோஜாச் செடி ஏன் வாடுகிறது, முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம், எந்த நடிகைக்கு யாரோடு கல்யாணம் என்று அவளுக்குப் பிடித்ததையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. முன்பு அவள் இதையெல்லாம் சத்தமாக வாசிப்பாள், நான் தலையங்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உம் கொட்டுவேன். இப்போது அந்த நடிகையின் கல்யாணத்தைக் கடைசி வரிவரை நானே வாசித்தேன். வாசித்து முடித்ததும் என்னை அறியாமல் உம் என்றேன். அவள் பாதியில் விட்ட பழைய தொடர்கதையும் அதில் இருந்தது. அவள் நிறுத்திய பக்கத்தைத் தாண்டி ஒரு பக்கம்கூட நான் தள்ளவில்லை.

பெயரை அவள் ஆம்மா என்று தப்பாக அடித்திருந்தது உனக்கு நினைவிருக்கும். மாற்று, படித்தவன் வீட்டில் இப்படியா என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஆமா போடுறவ நான்தானே, சரியாத்தான் இருக்கு என்று கடைசிவரை மாற்றவில்லை.

அந்தச் சேவைக்காரர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நீக்குனது நீக்குனதுதான் சார், திரும்ப வராது, மேடத்தைப் புதுசா சேரச் சொல்லுங்களேன் என்றாள். அவள் வரமாட்டாள் என்றேன். ஏன் சார், எங்க சேவையில ஏதாவது குறையா என்று கேட்டாள். குறை இல்லையம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் கால்பந்தும் பங்குச் சந்தையும் கிடக்கின்றன. உன் கல்யாணத்தன்று எனக்குப் போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளைதானே. அன்றைக்கும் எழுந்திருக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நேற்று அலமாரியில் போர்வை தேடியபோது ஆஸ்பத்திரிப் பை கையில் தட்டியது. வந்த நாள் முதல் நான் அதைப் பிரிக்கவில்லை. உள்ளே அவளுடைய டேப்லெட். அந்த வார்டில் சிக்னல் இருக்காது என்று தொடர்கதை முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ள நீதான் போனில் சொல்லிக்கொடுத்தாய். போன் அலை மெஷினைக் கெடுக்கும் என்று நர்ஸ் சொன்னாளாம், இவள் பயந்துபோய் இதையும் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டாள். விமானத்தைத் தரையிலிருந்துகூடக் கிட்டத்தில் பார்க்காதவள். சார்ஜ் ஏற்றித் திறந்தேன். மூலையில் அந்தக் குட்டி விமானம் அப்படியே இருக்கிறது. ஆம்மாவும் இருக்கிறாள். நீ நீக்கிய செய்தி அதுவரை போய்ச் சேரவில்லை.

ஒன்று சொல்கிறேன். இவ்வளவு நாளாக அவள் நிறுத்திய இடம் என்று நான் காத்துக்கொண்டிருந்த பக்கத்தில் அவள் இல்லை. படுக்கையில் கிடந்தபடி நான்கு அத்தியாயம் முன்னே போயிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். அந்த நான்கு அத்தியாயத்தையும் தனியாக வாசிக்க எனக்குத் தெம்பு இல்லை. அதற்கு மின்சாரம் மட்டும் கொடுத்துவருகிறேன், இணையம் கொடுப்பதில்லை.

லீவு கிடைத்ததும் வா. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதை மனதாரத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளையையும் அழைத்து வா. வந்ததும் வை-ஃபை பாஸ்வேர்டு கேட்பார், கொடு. அந்த டேப்லெட்டை மட்டும் அவர் தொட வேண்டாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு அத்தியாயத்தையும் சத்தமாக வாசி. நான் உம் கொட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா