காகிதப்பூக் குச்சிகளும் ஒரு வாளி நாற்றமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது போன வாரம் போனில் என்னைத் திட்டிய வேகத்திலேயே தெரிந்தது, அந்த வேகம் குறையாமல் இரு. குட்டி மரம் எப்படி இருக்கிறது, படம் அனுப்புங்கள் என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பேச்சை மாற்றினேன். போனில் சொன்னால் பாதியிலேயே பரவாயில்லைப்பா என்று சொல்லி என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் எதுவானாலும் சொல்.

ஓய்வு பெற்ற பிறகு அம்மாவின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று பயந்து போன்சாய் வளர்க்கச் சொன்னவள் நீதான். பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எறிந்த கைக்கு இது பொருந்தும் என்று நானும் நம்பினேன். எதிர் கிளினிக் சுவரில் காகிதப்பூவை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் பென்சில் கனத்தில் பன்னிரண்டு குச்சி பொறுக்கி வந்து, இலையை உருவி, அடியைச் சாய்வாகச் சீவி, ஈர மணலில் நட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு மூடினேன். பத்தே நாளில் துளிர் விட்டது, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேர் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், இல்லை, திரும்ப நட்டேன், மறு வாரம் திரும்பப் பிடுங்கினேன். நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “குச்சிக்குள்ள இருக்கிற சத்துலயே இலை வந்துரும் சார், வேர் அப்புறம்தான் வரும், நீங்க இப்படிப் பிடுங்கிக்கிட்டே இருந்தா அது எப்படிப் பிடிக்கும்?” என்றார். ஒன்பது குச்சிகள் அழுகிக் கறுத்தன, தொட்டால் பட்டை வழவழவென்று கையோடு வந்தது, சீ. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்து நான் மறந்தே போன தொட்டியில் இருந்த மூன்று மட்டும் பிழைத்தன. அவற்றையாவது சும்மா விட்டேனா, அலுமினியக் கம்பி சுற்றி வளைக்கப் போய் ஒன்று படக்கென்று ஒடிந்தது, மற்ற இரண்டிலும் கம்பி பட்டையைக் கடித்து வடு விழுந்தது. “ரெண்டு வருஷம் தண்ணியை மட்டும் ஊத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு இருங்க” என்றார் நர்சரிக்காரர். எனக்கு அந்தப் பொறுமை ஏது. மீன் குடலைச் சர்க்கரையோடு ஊறவைத்து ஊற்றினால் அடிமரம் ஆறே மாதத்தில் பருத்துவிடும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான், நம்பினேன்.

செதிலும் குடலுமாக ஒரு வாளி சேர்த்தேன். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். மொட்டைமாடிக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் உடைந்த கதவு ஒன்று சுவரில் சாத்திக் கிடக்குமே, அதன் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றாவது வாரம் மூடி உப்பி வெடித்து, பழுப்பாக ஒரு சாறு படி படியாக இறங்கியது, அதில் புழு நெளிந்தது. நான் பழைய துணியால் துடைத்து, மூடியின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். நாற்றம் போகவில்லை. இரண்டாம் மாடிக் குழந்தை சோற்றைக் கக்கியது என்று சண்டை வந்தது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் எல்லோரையும் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூப்பிட்டார். படி கூட்டிக் கழுவும் நம் படிக்கட்டு அக்காவையும் நிற்க வைத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பரீட்சைக்கு ஓடும்போது ஈரத்தில் வழுக்கிவிடும் என்று கைப்பிடித்து இறக்கி விடுவாரே, அவர்தான். எலி செத்துக் கிடக்கிறது, இவர் ஒழுங்காகக் கூட்டுவதில்லை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். “ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் சார், நாத்தம் படியில இல்ல” என்றார் அவர். சொல்லிவிட்டு ஒரு தரம் என் பக்கம் பார்த்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், நானும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினேன். பாப்பா, என் வாளி, என் நாற்றம், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று செயலாளர் சொன்னபோது தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

படிக்கட்டு அக்கா போனதும் வாளியைத் தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் கொட்டினேன். கீழே நடந்ததைப் பக்கத்து வீட்டு டீச்சர் சொல்ல, வாளி யாருடையது என்று தெரிந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கத்தவில்லை. “மூக்கை வேற பொத்திக்கிட்டீங்களாமே” என்று மட்டும் கேட்டாள். நான்கு நாள் என் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஐந்தாம் நாள் செயலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “விடுங்க சார், வேற ஆளுக்குச் சொல்லியாச்சு, இப்பப் போய் நான்தான்னு சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்” என்று என் தோளைத் தட்டினார். நான் தப்பிக்க அவர் வழி காட்டினார், அதை நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்தும் பார்த்தேன், அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் விசாரித்துக்கொண்டு படிக்கட்டு அக்காவைத் தேடிப் போனேன். மூன்று தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. “வாளியை நான் அன்னிக்கே பாத்துட்டேன் சார். கதவைத் தள்ளிட்டுத்தானே கூட்டுறேன். பெரிய மனுஷர், நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றார். திரும்ப வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டேன். “நான் வரலை சார். எல்லார் முன்னாடியும் வெச்சு என்னைச் சொன்னாங்க, அதே எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க, அது போதும்” என்று மாப்பை வாளியில் முக்கி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கூப்பிட்டேன். அதே இடத்தில் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். வாளி என்னுடையது, ஒளித்தது நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான், அவர் மேல் தூசி அளவு தப்பில்லை என்று சொன்னேன். செயலாளர் போனை நோண்டினார். டீச்சர், “நீங்களா சார்?” என்று கேட்ட தோரணையில், கம்பெனியில் நான் கருகிய பிஸ்கட்டை ஒதுக்கும் தோரணை இருந்தது. வாசலில் படிக்கட்டு அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் சொல்கிறேன் என்று அவருக்குத் தகவல் சொல்லியிருந்தேன், ஆனாலும் வருவார் என்று நான் நினைக்கவில்லை. கடைசிவரை கேட்டார். பிறகு நேராக உள்ளே வந்து, படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, தன்னுடைய ரப்பர் செருப்பையும் கையுறையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எங்கள் நடுவில் நடந்து வெளியே போனார். நாங்கள் எல்லோரும் விலகி வழிவிட்டோம்.

புது ஆள் இன்னும் வரவில்லை, படியை இப்போது நான்தான் கூட்டிக் கழுவுகிறேன், இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நீ கேட்ட குட்டி மரத்தில் வடு விழுந்த அந்த இரண்டு குச்சிகள்தான் மிச்சம், தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா மறுபடி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. கடைவாய்ப் பல் வலியைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே டாக்டரைப் பார். உனக்கு நல்ல உடம்பும், நேரத்தில் வாயைத் திறக்கும் துணிவும் என்றைக்கும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா