பற்றவைக்காத அடுப்பு

மார்ச் 3

கண்ணாடிக்காரா,

இல்லை, படுக்கவைத்தெல்லாம் பேசச் சொல்வதில்லை. அது சினிமாவில். இங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. மனநல ஆலோசகருக்கு என் வயதுதான் இருக்கும். எழுதும்போது பேனா மூடியைக் கடிக்கிறார். முதல் நாள் எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

என்னதான் செய்கிறார்கள் என்று சித்தியிடம் கேட்டாயாம். பேக்கரியில் கேஸ் வெடித்த அந்தக் காலையை, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். நடந்ததுபோல அல்ல, இப்போது நடப்பதுபோல. கதவைத் திறக்கிறேன். என்னோடு வேலை பார்த்த கேக் அக்கா அடுப்பைப் பற்றவைக்கக் குனிகிறாள். அங்கேயே நின்றுவிடுகிறேன். அவள் சாகும் இடத்துக்குப் போக முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவுசெய்து தருகிறார், இங்கே சித்தி வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் வாரம் கேட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். சித்தி பயந்துபோய் உன்னைக் கூப்பிடப் போனாள். போனைப் பிடுங்கி வைத்தேன்.

போன் வேண்டாம் என்றது கோபத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டால், நான் பயப்படலாமா வேண்டாமா என்று உன்னிடமே கேட்டுவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தானே. அதனால் ஒரே ஊரின் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டு தபால்காரரை அலையவைக்கிறோம்.

அடுத்தது, பேக்கரிக்கே போக வேண்டும். வரும் செவ்வாயும் வெள்ளியும், காலையில். முதலாளி புது அடுப்பைப் பற்றவைக்கும்போது நான் அதே அறையில் நிற்க வேண்டும். பயம் ஏறுமாம். ஓடாமல் நின்றால் தானாக இறங்குமாம். ஓடுகிறவர்களிடம்தான் அது தங்கிவிடுகிறது என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

மாவு


மார்ச் 6

என் மாவுக்கு,

இன்னும் அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறாய், சந்தோஷம். முழங்கைவரை மைதாவோடு நீ பஸ் ஏறிய நாளில் நான் வைத்த பெயர்.

கடையில் இன்று ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, “உனக்கு இவ்வளவு சுருக்கமா?” என்றார். அந்த அம்மா என்னிடம், “பழைய பவரையே போட்டுக் குடுத்துடு தம்பி” என்றார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வீடுவரை மனசில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை.

பேக்கரிக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறிக்கொண்டு வருவதை எதற்குக் கிளற வேண்டும்? நம் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. பக்கத்து வீட்டில் சமையல் வாடை வந்தால் உனக்கு முன்னால் நான் ஜன்னலைச் சாத்துகிறேன். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி கூடாது என்று சித்தியின் பேத்தியை அழவைத்தேன். குறையாகச் சொல்லவில்லை. நீ நடுங்குவதைப் பார்த்தவனுக்கு அதை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை.

ஆலோசகர் என்னையும் ஒருநாள் வரச் சொன்னதாகச் சித்தி சொன்னாள். எனக்கு என்ன? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன்
கண்ணாடிக்காரன்


மார்ச் 14

கண்ணாடிக்காரா,

பெரியவர் கதையைச் சித்தியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, உன் வீட்டுக்காரன் நல்லவன்டி என்றாள். அது எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை போனேன். இரவெல்லாம் விழித்திருந்து, போகலாம், வேண்டாம் என்று செருப்பைப் போட்டுப் போட்டுக் கழற்றி, ஒருவழியாகப் பேக்கரிக்குள் காலை வைத்தேன். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கேஸ் தீர்ந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை போனேன். பர்னர் அடைத்துக்கொண்டதாம். அடுப்பு சில்லென்று கிடந்தது. வெளியே வந்து தெருவோரமாக உட்கார்ந்துவிட்டேன். பரீட்சைக்குப் போனவளைக் கேள்வித்தாள் வரவில்லை என்று திருப்பி அனுப்பியதுபோல இருந்தது. இனி என்னால் முடியாது, விட்டுவிடலாம் என்று ஆலோசகரிடம் சொன்னேன். அவர் அந்தக் காலையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அப்போது வேறொன்று நடந்தது. கதவு, அடுப்பு, குனிகிறாள் என்று சொல்லிக்கொண்டே போகும்போது, என் வாயிலிருந்து தானாக வந்தது: “அக்கா, வாடை வருதுக்கா, பத்தவைக்காதே, வெளியே வா.”

நான் கூப்பிட்டிருக்கிறேன்.

வாடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவள் என்றுதான் இத்தனை நாள் என்னை நினைத்திருந்தேன். அந்த இடத்தைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. நான் அழத் தொடங்கினால் நீ தண்ணீர் கொண்டுவருவாய். அதை நினைக்காதே என்பாய். டிவியைப் போடுவாய். நானும் நிறுத்திவிடுவேன்.

அன்பாகத்தான் செய்தாய்.

மாவு


மார்ச் 17

என் மாவுக்கு,

நீ கூப்பிட்டிருப்பாய். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. டிவி போட்டது தப்போ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தப்பென்றால் என்ன செய்திருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

அடுப்பு விஷயம், வேண்டாம் என்றுதான் இருக்கிறதோ என்னவோ. இரண்டு தடவை தட்டிப்போனது போதாதா? உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை அழைத்துப்போகிறேன். வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ படுக்கும் பக்கத்து ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாயிற்று.

கண்ணாடிக்காரன்


மார்ச் 20

கண்ணாடிக்காரா,

நேற்று, வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பேக்கரிக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலாளி பதறிப்போய் அணைக்கக் கையை நீட்டினார். ஏன் என்று கேட்டேன்.

“உன் வீட்டுக்காரர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரும்மா. அவ வர்ற நேரத்துக்கு மட்டும் அணைச்சு வைங்கன்னார். ரெண்டு நாள் காலை வியாபாரம் போச்சு. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

அணைத்துவிட்டு, என் முன்னால் மறுபடி பற்றவைக்கச் சொன்னேன். அந்தச் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டேன். தழும்புள்ள கை தானாகப் போய் முகத்தை மறைத்தது. கால் வாசல் பக்கம் திரும்பியது. நின்றேன். முதலாளி தட்டுகளை அடுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் எனக்குப் பசித்தது. பயம் இறங்கிவிட்டது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சூடாக ஒரு பன் வாங்கி அங்கேயே தின்றேன்.

வீட்டுக்கு வந்து உன்மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. கேஸ் வெடித்த அன்றைக்கு என்னை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டு ஓடிவந்தவனை உள்ளே விடாமல் இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிறுத்தினார்களாம். நீ சொன்னதில்லை. முதலாளி நேற்றுச் சொன்னார். அன்றிலிருந்து நீ உள்ளே ஓடிவந்துகொண்டே இருக்கிறாய். தீ அணைந்துவிட்டது என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தது எனக்கு வசதியாக இருந்தது. நீ தூங்கினாயா என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். என் வருத்தம் அதற்குத்தான், அடுப்புக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. அந்த வீட்டுக்கு வந்தால் நான் மறுபடி நடுங்குவேன், நீ மறுபடி ஜன்னலைச் சாத்துவாய். இரண்டு பேருக்கும் அது நன்றாகப் பழகிவிட்டது. எத்தனை நாள் என்று கேட்காதே. திரும்பி வராமலும் போகலாம். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் காலையிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஆலோசகரின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். புதன்கிழமைகளில் அவருக்கு நேரம் இருக்கிறது, கேட்டுவிட்டேன். அந்தக் காலையை நீயும் சொல்ல வேண்டும், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து. எனக்காக இல்லை.

மாவு

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். சாயங்காலம் சித்தி தெருவில் காலியாக இருந்த மாடியறையைப் போய்ப் பார்த்தேன். முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.