ஐந்து குழி ஆடுகளம்

குழந்தையின் கட்டிலுக்கு நாடா பின்ன இன்று காலை ஆள் வந்திருந்தார். புது நாடாக் கட்டைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. கஞ்சி போட்ட பருத்தி, கடைச் சாக்கு, லேசாக மண்ணெண்ணெய். நம் அறையில் ஒரு மாதம் முழுக்க அடித்த வாசனை. உன் நினைப்பு அப்போதே வந்துவிட்டது. ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அதற்கப்புறம் நடந்தது.

அவர் போன பிறகு மிச்சத் துண்டை என் மகள் எடுத்துக் கூடத்தில் சதுரமாக விரித்தாள். ஐந்து வயது. உள்ளே நின்று ஒற்றைக்காலில் குதித்தாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "யாரைக் கேட்டு இங்க விரிச்சே? எடு மொதல்ல" என்று கத்தினேன். முகம் சுருங்கிப்போய் எடுத்தாள். சறுக்கி விழுவாளோ என்று பயம். எனக்கு இப்போது எல்லாவற்றுக்கும் பயம்தான். குளம், சைக்கிள், காய்ச்சல், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்பது. ஆனால் அந்த வார்த்தைகள் நம் தலைமையாசிரியருடையவை. ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்து அவர் கத்தியவை. அப்படியே என் வாய்க்குள் இருந்திருக்கின்றன. 

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தபோது எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உன் மாற்றல் உத்தரவில் ஒரு வரி இருந்தது: புறம்போக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளும்படி மக்களைத் தூண்டினார் என்று. நீ யாரையும் தூண்டவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

பாபநாசத்துக்குத் தெற்கே அந்த உயர்நிலைப் பள்ளியில் நீ விளையாட்டு டீச்சர், நான் அறிவியல் டீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வாடகை அறை. பிள்ளைகள் எதிரில் "டீச்சர்", அறைக்கு வந்தால் "ஏண்டி". நீ பட்டுக்கோட்டைப் பக்கம், தோப்புக் கூலி செய்கிற வீட்டில் முதலில் படித்தவள். நான் பத்து வேலி நிலம் இருந்து, பாதி விற்று, பாதிக்குக் கேஸ் நடத்திக்கொண்டிருந்த வீட்டுப் பெண். அந்த ஊர்ப் பெரிய பண்ணையின் தம்பி மகனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ பேசியதில்லை.

பள்ளிக்குப் பின்னால் புறம்போக்கு. தை மாசியில் பண்ணையின் களம், அப்புறம் கொள்முதல் நெல் குவிக்கும் இடம், மிச்ச நாளில் மாடு மேயும் இடம். பள்ளிக்கு வேறு மைதானம் கிடையாது. பையன்கள் எங்கேயாவது போய் ஆடிக்கொள்வார்கள், பெண்களுக்குத்தான் இடமில்லை. ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்த கூலிக்காரர்கள் அந்தப் புறம்போக்கில் மனைப்பட்டா கேட்டு மனு மேல் மனு போட்டிருந்தார்கள். தெரு முனையில் இரண்டு கட்சிக் கொடியும் பறந்தன. இரண்டு கட்சியும் பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தன.

இந்த லட்சணத்தில்தான் நாம் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை அங்கே வளையப்பந்துக்குக் கோடு போட்டோம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கும் ஆட்டத்துக்கு என்ன பெரிய இடம் வேண்டும், நாற்பதடிக்குப் பதினெட்டடி. மூன்று ஆடுகளம். நாலு மூலையிலும் முளை அடித்து, நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூள் தூவினோம். டேப்பின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். கூட நின்ற எட்டாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் ஆற்றங்கரைத் தெரு. நிலம் அளக்க வருகிறவர்களும் இப்படித்தான் அளப்பார்கள் என்று நம் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

மாடு ஓட்டி வந்த கிழவர் நின்றார். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தார். பிறகு உன்னிடம், "எத்தனைக்கு எத்தனை டீச்சர்?" என்றார். நீ சொன்னாய். அவர் பன்னிரண்டடிச் சதுரம் ஒரு குழி என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்படின்னா அஞ்சு குழி. ஒரு குடிசை போட்டு, பக்கத்துல ரெண்டு ஆடு கட்டலாம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அந்த ஓரத்து மனை உங்களுக்குத்தான் பெரியவரே, எடுத்துக்குங்க" என்றேன்.

சொன்னது நான். நீ இல்லை. நீ என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஏண்டி அப்படிச் சொன்னே? அவரு நெசமாத்தான் கேக்குறாரு" என்றாய். அதற்குள் அவர் மாட்டை விட்டுவிட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நீ பின்னாலேயே ஓடி, இது பிள்ளைகள் ஆட என்று கத்தினாய். அவருக்குக் காது மந்தம்.

சாயங்காலம் ஐந்தாறு குடும்பம் வந்துவிட்டது. பானை, பாய், மூங்கில். நம் ஆடுகளத்தின் நடுக்கோட்டைச் சுவர் என்று எண்ணி அதற்கு அந்தப் பக்கம் அடுப்புக்கல் வைத்தாள் ஒருத்தி. நீ ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்துச் சொன்னாய், இது மனை இல்லை, இது மனை இல்லை என்று. கிழவர் தன் ஓரத்துக் கட்டத்துக்குள் நின்றுகொண்டு, "டீச்சரம்மா வாயால சொன்னாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் பண்ணையாட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது. மூங்கிலைப் பிடுங்கிப் போட்டார்கள். அடுப்புக்கல்லை உதைத்தார்கள். கிழவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். நான் சிரித்த ஒரு சிரிப்புக்கு.

அதை விடு, கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். வரப்பு யார் போட்டது? அந்தத் தெருவையும் ஊரையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இன்னார், அந்தப் பக்கம் இன்னார் என்று வைத்தது யார்? பினாமி பேரில் நிலத்தைக் கூறு போட்டு, உச்சவரம்புக்குள் அடக்கிக் காட்டியபோது காகிதத்தில் எத்தனை கோடு போட்டார்கள்? அதையெல்லாம் யாரும் தூண்டுதல் என்று எழுதவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்கள் வளையம் எறிய நாலு கோடு போட்டதும் ஊர் அமைதி கெட்டுவிட்டதாம். தலைமையாசிரியர் உன்னை வராந்தாவில் நிறுத்தி, யாரைக் கேட்டு என்று கத்தினார். பக்கத்தில் நான் நின்றேன். என்னைப் பார்த்து, "நீங்க உள்ள போங்கம்மா" என்றார்.

இனி பள்ளியைச் சுற்றிய எந்த நிலத்திலும் கோடு போடக்கூடாது என்று உனக்கு எழுத்தில் உத்தரவு. நீ அதை இரண்டு தடவை படித்தாய். "கோடு போடக்கூடாதுன்னுதான இருக்கு. விரிக்கக்கூடாதுன்னு இல்லையே" என்றாய். அந்த வாரமே கும்பகோணம் போய்க் கட்டில் நாடா வாங்கி வந்தாய். இரண்டு விரல் அகலம், வெள்ளை, காலில் தட்டாமல் தரையோடு படியும். பத்தடித் துண்டு, எட்டடித் துண்டு, நாலடித் துண்டு. ஒரு முனையில் காது மாதிரி ஒரு கண்ணி, மறுமுனையில் வேப்பங்குச்சிக் கட்டை, மாட்டினால் நீளும். ஆணி வேண்டாம், பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள் என்று உடைந்த குடைக்கம்பிகளை வளைத்துக் கொக்கி செய்தாய். சிவப்பு நூல் தைத்த துண்டுகளை மாட்டினால் வளையப்பந்து. கூடவே நீல நூல் துண்டுகளையும் மாட்டினால் எறிபந்து. அதையே கொஞ்சம் மாற்றினால் சடுகுடு. எல்லாம் ஒரே சாக்குக்குள். தைத்துத் தைத்து என் விரல் புண்ணானது. அந்தப் புண்ணுக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

எட்டுப் பெண்கள், நூறு எண்ணுவதற்குள் விரிப்பார்கள். அறுத்த வயலில், கொள்முதல் நிலையத்துச் சிமெண்ட் தரையில், தண்ணீர் விடாத மாதத்தில் ஆற்று மணலில், எங்கே விரட்டவில்லையோ அங்கே. டீக்கடைப் பையன் ஒருவன், "டீச்சர் கட்டிலைப் பிரிச்சுக் கொண்டாந்துட்டாங்கடா, இனிமே எங்க படுப்பாங்க?" என்று கேட்டான். நம் அணியின் கட்டைப் பெண் வளையத்தைப் பிடித்தபடியே, "உங்க வூட்டுக் கட்டில்தாண்ணே இது. உங்கம்மாவைப் போயிக் கேளு" என்றாள். கடையே சிரித்தது. நீ அவளைத் திட்டினாய். திட்டும்போது உன் உதடு துடித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பெரிய பண்ணை தினமும் வரப்பில் வந்து நிற்பார். நாம் சுருட்டிக்கொண்டு கிளம்பியதும் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார், மண்ணில் கோடு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று. கொக்கி குத்திய துளையைச் செருப்பால் தேய்ப்பார். அந்தப் பெண்கள் வட்டாரப் போட்டியில் ஜெயித்து வந்தபோது ஊரில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஆற்றங்கரைத் தெரு மட்டும் வந்து மாலை போட்டது. கிழவரும் வந்தார். உன்னைக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார்.

அதற்கடுத்த வாரம் விசாரணை அதிகாரி வந்தார். உன்னை நிற்க வைத்துக் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, "நான் சொல்லலை சார்" என்று மட்டும் சொன்னாய். யார் என்று சொல்லவில்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். எனக்கு நாற்காலி போட்டார்கள், காப்பி வந்தது. உங்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது, இல்லையாம்மா என்று அவரே பதிலையும் சொல்லிக்கொடுத்தார். எழுதினேன். வெளியே வந்தபோது நீ நெல்லுக் குவியலைச் சுற்றி நாடா விரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "அந்தக் கொக்கியை எடுடி" என்றாய். அவ்வளவுதான். நீ என்னை அறைந்திருக்கலாம்.

உனக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல். எனக்கு ஆவணியில் கல்யாணம். நீ விட்டுப் போன சாக்கை என்ன செய்தார்கள் தெரியுமா? கட்சிக்காரர் ஒருவர் பள்ளிக்கு வந்தபோது, மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் எல்லை கட்ட அந்த நாடாவை எடுத்தார்கள். பெண்களை அதற்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். பெரிய பண்ணை மேடையில் இருந்தார். அவர் வீட்டு மருமகளாக நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே, தண்ணீர் சரியில்லாத ஊரில், உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது எனக்குத் தெரியாது. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

மேலே இருக்கிறதை எழுதி வைத்துப் பத்து நாளாயிற்று. இதை மடித்துப் பெட்டியில் வைக்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். உன் அம்மா தோப்பில் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தது, சொன்னது, எழுதிக் கொடுத்தது. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "அவ எங்கிட்ட எதுவும் சொல்லலை. நாந்தான் அவளைத் திட்டுனேன், உனக்கு எதுக்குடி ஊர் வம்புன்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆவப்போவுது. யாருகிட்ட தெரியாதுன்னு எழுதிக் குடுத்தியோ, அவங்ககிட்ட போயி சொல்லு" என்றார். குழந்தைக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவர், "போனவங்களுக்கு இனிமே என்ன ப்ரமோஷனா வரப்போவுது? பெரியப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஏழு வருஷமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். "நானும்தான் முழிக்கணும்" என்றேன்.

நேற்று தஞ்சாவூரில் கல்வி அலுவலகம் போனேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். குமாஸ்தா படித்துவிட்டு, அவங்க ஃபைல் முடிஞ்சுபோச்சும்மா, ஆளே இல்லை, இதை எந்த விதியில் வாங்குவது என்றார். இதை வாங்கிச் சேர்க்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பெஞ்சில் குழந்தை மடியில் தூங்கிப்போனாள். சாப்பாட்டு மணி அடித்தது, ஆட்கள் போனார்கள், வந்தார்கள். மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். என் பேர், முகவரி எல்லாம் எழுதினார். அப்புறம் நிறுத்தினார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு? உறவுக்காரங்க குடுத்தாத்தாம்மா வாங்கலாம்."

"உறவு இல்லீங்க."

"பின்ன இங்க என்ன போடுறது?"

அவர் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் அதை வாங்கினேன். அந்த இடத்தில், 'சாட்சி' என்று நானே எழுதினேன். படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.