ராஜகிரிக்கு ஒரு பிராசஸர்

என்னைக் கட்டிய நாள் முதல் என் சந்தேகங்களை எல்லாம் சிரித்தே சமாளித்த என் மாமாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு எழுதத்தான் கை போகிறது. கேட்டால் என்ன பதில் சொல்வாய்? அதனால் இங்கே நடக்கும் கதையைச் சொல்கிறேன்.

உன் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. நீ விளையாடும் துப்பாக்கிச் சண்டை கேமுக்குப் போன மாதம் ஏதோ அப்டேட் வந்தது. அன்றிலிருந்து எதிரி கதவுக்கு அந்தப் பக்கம் வந்தாலே திரை அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி ஓடும்போது நான் குண்டடிபட்டுக் கிடக்கிறேன். உள்ளே இருக்கும் ஃபேன், மில்லில் நெல் அரைபடுவதுபோலக் கத்துகிறது.

ஆமாம், நான்தான் விளையாடுகிறேன். எட்டு மாதமாக, உன் ராஜகிரி என்ற பெயரிலேயே. நீ குளிக்கப் போகும்போது, "மலரு, ரெண்டு நிமிஷம் இதப் புடி, சாவாம பாத்துக்க" என்று மவுஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாயே, அப்போது கற்றுக்கொண்டதுதான்.

உன் காரியம் முடிந்த மறுநாள், கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். உன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆன்லைனில் இருந்தார்கள். "ராஜகிரி அண்ணன் வந்துட்டாரு" என்று ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது. என்ன செய்வது? "உடம்பு சரியில்லை. மைக்கும் ரிப்பேர்" என்று டைப் அடித்துவிட்டு விளையாட உட்கார்ந்துவிட்டேன்.

தப்புதான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் உன்னைப் பற்றி இருந்தான், செய்தான் என்றே பேசினார்கள். அந்த மூன்று பேர் மட்டும்தான் "அண்ணன் வராரு, அண்ணன் சுடறாரு" என்றார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது அதைக் கேட்காமல் எனக்கு இருக்க முடியவில்லை மாமா.

இப்போது புரிகிறதா, இந்த மெஷின் நின்றுபோனால் எனக்கு என்ன ஆகும் என்று? நடுவில் நடுவில் உறைந்து நிற்கும் ஆளை எத்தனை நாளைக்குக் கூட்டத்தில் வைத்துக்கொள்வார்கள்? வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் நீ எங்கே இருப்பாய்?

பஜாரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரன் கழற்றிப் பார்த்துவிட்டு, "பையன் கேம் ஆடறானாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். நமக்குப் பிள்ளை இல்லை என்பது அவனுக்கு எதற்கு?

"பிராசஸர் ரொம்பப் பழசுக்கா. இப்ப வர்ற புதுசு இந்த போர்டுல உக்காராது. போர்டு, ராம் எல்லாத்தயும் மாத்திடணும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பல்லு வலி என்று போனால் தாடையையே மாற்றச் சொல்கிறானே! மேலே காய்ந்த நெல்லும் அடியில் ஈர நெல்லும் வைத்துக் கொண்டுவரும் மூட்டைகளில் குத்தூசி விட்டுப் பார்ப்பதுதான் மில்லில் என் வேலை. என்னிடமேவா? ஒரு பார்ட்டையும் மாற்றிவிடக்கூடாது என்று, மூடி திரும்பப் போடும் வரை பக்கத்திலேயே நின்று, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உன் கூட்டாளிகளிடம் டைப் அடித்துக் கேட்டேன். சீயமங்கலத்துப் பிரபு, அதான் பால் சொசைட்டியில் வேலை செய்பவன், அவன்தான் பொறுமையாக விளக்கினான். கடைக்காரன் சொன்னது பொய் இல்லையாம். புத்தம்புதுசு நம் போர்டில் சேராது. ஆனால் அதே போர்டுக்கு அடுத்தடுத்து வந்த மாடல்கள் சில சேரும். இப்போது இருப்பதில் நாலு கோர், அப்படிச் சேருவதில் ஆறு கோர், அதனால் வேகம் கூடுமாம். பழைய பிராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற புரோகிராமை அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது என்றான். எல்லாம் சொல்லிவிட்டு, "நான் வேற மாத்திட்டேண்ணா. என்னோட பழசு அந்த மாடல்தான், சும்மா கிடக்குது, நீங்க எடுத்துக்குங்க" என்றான்.

சும்மா கிடக்கிறதாம், எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இந்தக் காலத்தில் யார் யாருக்குச் சும்மா கொடுக்கிறார்கள்? கருகிப்போனதைத் தள்ளிவிடுகிறானா? திருட்டுப் பொருளா? என்னை வேவு பார்க்கிறானா? போட்டோ அனுப்பு என்றேன். அனுப்பினான். பழைய போட்டோவாக இருந்தால்? இன்றைய காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். எடுத்தான். திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் பின்களைக் காட்டச் சொன்னேன். அதையும் பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்தேன், ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று. நீயாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே தேங்க்ஸ்டா தம்பி என்றிருப்பாய்.

நேற்று மத்தியானம் அதை பஸ்ஸில் போட்டு அனுப்பினான். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கண்டக்டரிடம் வாங்கினேன். ஒரு ஸ்வீட் டப்பா, சுற்றிலும் டேப். மேலே பேனாவில் எழுதியிருந்தது: மலர் அக்கா, செஞ்சி.

உன் பெயரை எழுதச் சொல்லியிருந்தேன் மாமா. என் பெயரை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. உன் போனில் அவன் நம்பர் இருந்தது. முதல்முறையாக அவனைக் கூப்பிட்டேன்.

"ஹலோ" என்றேன்.

"அக்கா, வந்துடுச்சாக்கா?" என்றான்.

"எம்பேரு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போஸ்டர்ல பாத்தேன்க்கா."

உன் கூட வேலை செய்த எலக்ட்ரீஷியன்கள் ஊர் முழுக்க ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்! செஞ்சியில் ஒரு சுவர் பாக்கி இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் அது இருக்கும்போதா நான் மறைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்?

"மருந்து வாங்க வந்தேன்க்கா. பஸ் ஸ்டாண்டு செவுத்துல அண்ணன் போட்டோ, கீழ உங்க பேரு. ஊட்டுக்கு வந்து அவனுங்க ரெண்டு பேருக்கும் சொல்லிட்டு அழுதுனு இருக்கிறோம், ராஜகிரி ஆன்லைன்ல வராரு! ஒருத்தன் பயந்துபோயி ஹெட்போனையே கயட்டிப் போட்டுட்டான்."

"அப்புறம் நான்தான்னு இன்னா வெச்சிக் கண்டுபுடிச்சீங்க?"

"அண்ணன் கதவத் தொறந்துனு நேராப் போயி சாவாரு. நீங்க ஒவ்வொரு கதவுக்கும் நின்னு பாத்துட்டுதான் போவீங்க. 'எம்பொண்டாட்டி மாதிரி சந்தேகப்படணும்டா, அவ வந்து ஆடுனா நாம தோக்கவே மாட்டோம்'னு அண்ணன் எப்பவும் சொல்வாரு."

அப்படியா சொன்னாய்? என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்க்கா" என்றான்.

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். ஊரையே சந்தேகப்பட்டேன். இந்த மூன்று பேரை நான் ஏமாற்றுகிறேன் என்று மட்டும் நம்பினேன். அவர்கள் எனக்காக ஏமாந்து காட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பிரித்துப் பின்களை மறுபடி ஒரு தரம் பார்த்தேன். சிரிக்காதே, பழக்கம். எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன. நாளைக்கு அதே கடைக்காரனிடம் கொண்டுபோய், முதலில் பயாஸ், பிறகு பிராசஸர் என்று சொல்லிப் போடச் சொல்லப் போகிறேன்.

போட்டு முடித்ததும், உன் மேல் ஆணை, மைக்கை ஆன் செய்வேன். நீ செத்துப்போய்விட்டாய் என்று அந்த மூன்று பேரிடமும் சொல்வேன். அவர்களுக்குத் தெரியும். ஆனால் மாமா, இதுவரை அதை நான் என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

உன் பொண்டாட்டி,
மலர்