விலை இறங்கும் ஊரிலிருந்து

ஜனவரி 11

அன்புள்ளவருக்கு,

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இதைக் கேட்டுவிட்டே விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால், “எடுத்த எடுப்பிலேயே வீட்டுப் பேச்சு” என்று அலுத்துக்கொள்வீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. எனக்கு அந்த வசதியாவது இருக்கட்டும்.

இந்த வாரம் இரண்டு பேர் வீடு பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர் படுக்கையறை அலமாரியைத் திறந்து, என் துணிகளைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஈரம் இறங்குதா?” என்றார். இல்லை என்றேன். “இறங்குற மாதிரிதான் தெரியுது” என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு, நாம் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். அடுத்து வந்த அம்மா வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் எத்தனை வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் வர்றேன்” என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். என்ன தைரியம்!

அவரையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் வேலை பார்த்த வேகன் தொழிற்சாலை மூடியதிலிருந்து இந்த ஊரில் விலை ஏறியது என்று எதைச் சொல்வது? போகிறவர்கள்தான் இருக்கிறார்கள், வருகிறவர்கள் இல்லை.

புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். “மேடம், நீங்க தனியா நின்னு காட்டினா, ஏதோ பிரச்சினை, அவசரமா விக்கிறாங்கன்னு மோப்பம் பிடிச்சுடுவாங்க. சாரை ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சிரிச்ச முகமா நின்னா விலை தானா நிக்கும்.” பிரிவதற்காக வீட்டை விற்கிறோம். விற்பதற்காகச் சேர்ந்து நிற்க வேண்டுமாம்!

எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவரும் அவர் மனைவியும் 25ஆம் தேதி வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
நான்


ஜனவரி 17

லேப் மேடத்துக்கு,

வருகிறேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க கிரேன் கூண்டில் குந்தியிருந்தால் யார் முதுகுதான் நிமிரும்?

அங்கே விலை இறங்குகிறது என்று நீ புலம்புகிறாய். இங்கே வந்து பார். துறைமுகத்தை அகலப்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து இந்த நகரத்துக்கே பேய் பிடித்துவிட்டது. போன மாதம் ஒரு பிளாட் பார்த்தேன். ஒரே அறை, குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். சரி, வாங்கிவிடலாம் என்று இந்த மாதம் மறுபடி போனால், அந்தக் கதவையும் சேர்த்து விலை ஏற்றி வைத்திருக்கிறான். நம் வீட்டை முழுசாக விற்றாலும் இங்கே ஒரு பால்கனிதான் வாங்க முடியும். என் பாதிக்கு அந்தப் பால்கனியில் நிற்க மட்டும் அனுமதி கிடைக்கும். இன்னும் இரண்டு கிரேன்காரர்களோடு ஒரே அறையில் படுக்கிறேன். ஒருவன் குறட்டை, இன்னொருவன் தூக்கத்திலும் சிக்னல் கொடுப்பான்.

போன வருடம் மருந்துக்கடைக்காரர் கேட்டபோதே கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை உண்டா? “யோசிக்கணும்” என்று இழுத்தது யார்? அதற்கு முன்னால், இங்கே வந்துவிடு என்று நான் கூப்பிட்டபோதே கிளம்பியிருந்தால் விற்பது, பிரிவது என்ற பேச்சே வந்திருக்காது. சரி, விடு. எழுதினாலும் சண்டைதான் வருகிறது.

சிரித்த முகம் கொண்டுவருகிறேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது.

கிரேன்காரன்


பிப்ரவரி 2

அன்புள்ளவருக்கு,

யோசிக்கணும் என்று நான் இழுத்ததற்குக் காரணம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அப்போது நினைத்ததுதான். இதை இவ்வளவு நாள் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் பேச்சை எடுத்ததால் எழுதுகிறேன். எனக்கு இங்கே நிரந்தர வேலை இருந்தது, உங்களுக்கு அங்கே ஒப்பந்த வேலை. யார் யாரிடம் வருவது என்று கேட்டால் ஊரில் எவரும் சொல்வார்கள்.

அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டீர்கள். சமையலறை ஜன்னலைக் காட்டி டிரைவர் மனைவியிடம், “இவங்களுக்குக் காலையில இங்க நின்னுக்கிட்டே பேப்பர் படிச்சாத்தான் நாளே ஓடும். முதல்ல கடைசிப் பக்கம்தான் படிப்பாங்க” என்றீர்களே. நான் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் வீட்டை இன்னொருவர் தலையில் கட்டும்போது!

“விட்டுட்டுப் போறது கஷ்டமா இல்லையாக்கா?” என்று அவள் கேட்டாள். புரோக்கர் சொல்லிக்கொடுத்தபடி, “சாருக்கு அங்க வேலை, என்ன செய்யறது” என்றேன். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டு, “அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டீர்கள்.

போகட்டும். நாம் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்கிறார்கள். இந்தத் தெருவில் இதற்கு மேல் யாரும் கொடுக்கப் போவதில்லை. பிரசவத்துக்கு முன்னால் குடியேற வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். ஒப்பந்தத்தில் என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்களும் போட்டு உடனே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 19

அன்பே,

அவசரப்படாதே. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இங்கே ஒரு பெரிய காண்டிராக்டர் சொன்னார். நம் ஊர்த் தொழிற்சாலை இருந்த மைதானத்தில் கண்டெய்னர் கிடங்கு வரப் போகிறதாம். லாரிகள், அலுவலகம், ஆயிரக்கணக்கில் ஆட்கள். எல்லோருக்கும் வீடு வேண்டாமா? இன்னும் ஆறு மாதத்தில் நம் தெருவின் மதிப்பே வேறு. அந்த டிரைவர் தம்பி நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் கையில் இருக்கிறதை அள்ளிக் கொடுக்க முடியுமா?

இன்னொன்றும் யோசித்தேன். விற்கத்தான் வேண்டுமா? கிடங்கு வந்தால் அங்கேயும் கிரேன் வரும். கிரேன் வந்தால் நானும் வரலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் நின்றபோது எனக்கு எல்லாம் நடிப்பாகத் தோன்றவில்லை. உனக்கு எப்படியோ.

அவர்களிடம் ஏதாவது சாக்குச் சொல்லி வை.

உன்,
கிரேன்காரன்


மார்ச் 1

உங்களுக்கு,

‘அன்பே’ என்று நீங்கள் கடைசியாக எப்போது எழுதினீர்கள்? விலை இறங்கிக்கொண்டிருந்த இவ்வளவு நாளும் நான் லேப் மேடம். ஏறும் என்று ஒரு காண்டிராக்டர் வாயைத் திறந்ததும் அன்பே. இதை நான் எப்படி எடுத்துக்கொள்ள?

கிடங்குச் செய்தி இங்கேயும் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் தெருவில் பாதிப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் போன மாதம் கெஞ்சிக் கெஞ்சிக் கூவிய விலைக்கு மேல் இன்னொரு பாதியை ஏற்றிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் வெறி. உங்களை மட்டும் சொல்லவில்லை.

ஆனால் நான் தினமும் அந்த டிரைவர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. ரத்தப் பைகள் கொண்டுவரும்போதெல்லாம், “அக்கா, சார் கையெழுத்து வந்துச்சா?” என்கிறான். நேற்று அவன் குரல் கேட்டதும் ரத்தம் வைக்கும் குளிர்பதன அறைக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தபோது என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இந்த வயதில் எனக்கு ஏன் இந்த அவமானம்?

ஒன்று கேட்கிறேன். காத்திருக்கலாம் என்கிறீர்களே, விலைக்காகவா, எனக்காகவா? எனக்காக என்றால் கிடங்கு வந்தாலும் வராவிட்டாலும் வாருங்கள். வீட்டை விற்க வேண்டாம், அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விலைக்காக என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒரே வரியில் பதில் எழுதினால் போதும்.

நான்


மார்ச் 20

அன்பே,

ஒரே வரியில் எப்படி எழுதுவது? நீ இரண்டையும் ஏன் பிரித்துப் பார்க்கிறாய்? வீடும் நம்முடையது, நாமும் நாம்தான். விலை ஏறினால் இரண்டு பேருக்கும்தானே நல்லது? கிடங்கு வராமல் வெறும் கையோடு வந்து நான் அங்கே என்ன செய்வேன், உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடவா?

இங்கே மூன்றாவது முறையாக அந்தப் பிளாட்டைப் பார்க்கப் போனேன். மறுபடியும் ஏற்றிவிட்டான். “ஏன்யா, உனக்கு மனசாட்சியே இல்லையா?” என்று கத்திவிட்டேன். “நான் என்ன சார் பண்றது, மார்க்கெட் அப்படி” என்றான். அவனை அடிக்காமல் வந்ததே பெரிது. எரிச்சலில் இருக்கிறேன். நீயும் எரிச்சல்படுத்தாதே.

இன்னும் மூன்று மாதம், நான்கு மாதம். பொறுத்துக்கொள். இவ்வளவு நாள் பொறுத்தாயே.

கிரேன்காரன்


மே 6

அன்புள்ளவருக்கு,

கிடங்கு வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அங்கே நிலம் சல்லிசாம், ரயில் பாதையும் கிட்டத்தில் இருக்கிறதாம். அந்த ஊரில் இப்போது கோழிக்கூண்டுக்குக்கூட விலை சொல்கிறார்கள் என்று புரோக்கர் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடிவிட்டார். இங்கே பலகைகள் மறுபடி வந்துவிட்டன, முன்பைவிட அதிகம். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

டிரைவரும் அவர் மனைவியும் ஏப்ரலில் பின்தெருவில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டார்கள். நம் வீட்டைவிடச் சின்னது, பின்பக்கம் வெளிச்சமே கிடையாது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்கப் போனேன். அந்தப் பெண், “பரவாயில்லக்கா, உங்களுக்கு என்ன கஷ்டமோ” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் மாற்றல் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. உங்கள் நகரத்துக்கு இல்லை, வேறு ஊர். நீங்கள் கூப்பிட்டபோது நகர மாட்டேன் என்று அடம்பிடித்தவள் இப்போது எப்படிக் கிளம்புகிறாள் என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆச்சரியம். இரண்டு வருடமாக அலமாரியை அடுக்கி, தரையைத் துடைத்து, யார் யாரோ வந்து என் வாழ்க்கையைத் தட்டித் தட்டிப் பார்க்க நின்றுகொண்டிருந்தேன். அலுத்துவிட்டது.

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. இனி வீட்டைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. என்ன விலைக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
நான்


ஜூலை 14

அன்புள்ளவளுக்கு,

ஒரு மாதமாக இந்த வீட்டில் இருக்கிறேன். சம்பளமில்லா விடுப்பு. நீ போன பிறகு இரண்டு மூன்று தடவை வந்து வந்து போனேன். வருகிறவர்கள் என் விடுமுறை பார்த்தா வருவார்கள்? அதனால் தங்கிவிட்டேன்.

என்னென்ன கேட்கிறார்கள்! தண்ணீர் மஞ்சளாக வருமா? பக்கத்து வீட்டில் சண்டை போடுவார்களா? இந்த வீட்டில் யாராவது செத்திருக்கிறார்களா? ஒருவன் கட்டிலில் படுத்தே பார்த்தான். பிடித்து வெளியே தள்ளினேன். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிய நம் புரோக்கரிடமே போய்ச் சொல்ல, அவர் போனில் எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். நீ எப்படி ஒருவரையும் தள்ளாமல் இவ்வளவு நாள் இருந்தாய்?

போன வாரம் ஒரு சலவைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவி, “உங்க வீட்டம்மா எங்கண்ணே?” என்று கேட்டார். “வேலைக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் வந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டேன். புரோக்கர் சொல்லித்தரவில்லை, வாயில் அதுதான் வந்தது. அன்று சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. எழுந்து வாசல்வரை போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், ஏணி கேட்டு வந்திருந்தார்.

சலவைக்கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். டிரைவர் தம்பி கேட்டதைவிடக் குறைவுதான், நிறையவே குறைவு. பேரம் பேசத் தெம்பில்லை, சரி என்றுவிட்டேன். 28ஆம் தேதி பத்திரப்பதிவு. நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். காலையிலேயே முடிந்துவிடும். முடிந்ததும் எங்காவது உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாமா? விலையைப் பற்றிப் பேச மாட்டேன். மார்ச்சில் நீ கேட்டதற்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்ல முடியும். நேரில் சொல்கிறேன்.

கட்டாயம் வா.

உன்,
நான்தான்


ஜூலை 21

அன்புள்ளவருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். குறைந்த விலைக்குப் போனதை நினைத்து மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள். குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம் வருகிறதே, அது நல்லது.

28ஆம் தேதி நான் வரவில்லை. வருவதாகத்தான் இருந்தேன், விடுப்புகூடச் சொல்லிவிட்டேன். முந்தாநாள் உட்கார்ந்து யோசித்தேன். வந்தால் டீ குடிப்போம். குடித்தால் பேசுவோம். நீங்கள் சொல்லப் போகும் அந்த ஒரு வரி எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டீர்கள் என்பதும் தெரியும். மார்ச்சில் அது வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடந்திருப்பேன். இப்போது கேட்டாலும் அழுதுவிடுவேன், உங்களோடு கிளம்பியும் விடுவேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்து, இது எவ்வளவு நாளைக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். அப்படி வாழ என்னால் முடியாது. கோபத்தில் எழுதவில்லை. கோபம் போய்விட்டது.

இங்கே ஒரு சின்ன வாடகை வீடு. மாடியில் இரண்டு அறை. லேபில் வேலை செய்கிற பெண்கள் கலகலப்பானவர்கள். இந்த ஊரில் வீட்டு விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்களை நம்பிப் பவர் பத்திரம் எழுதி, பதிவு செய்து, இத்துடன் வைத்திருக்கிறேன். என் இடத்திலும் நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்